‘டர்ன்’ வந்தால் எல்லாம் திரும்புமா?

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் ஒரு வருடமாக இருக்கிறேன். சாதனங்களுக்கான பயன்பாட்டுக் குறிப்புகள்தான் அதிகம் வரும். இப்போது ஒரு சிறுகதையும் கையில் இருக்கிறது. எதை எடுத்தாலும் என்னைப் படுத்துகிற சொல் ஒன்று உண்டென்றால் அது ‘டர்ன்’தான். ‘திரும்பு’ என்று போட்டால் ஆசிரியர் அடித்துவிடுகிறார். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? நான் தடுமாறிய ஆறு வாக்கியங்களை, என் மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

ஆறையும் படித்தேன். நான்காவதில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘அவன் போகவே இல்லை என்று வெளியே திரும்பியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வந்த புதிதில் நான் இதைவிட மோசமாக ஒன்று எழுதி அச்சுக்கே அனுப்பினேன்: ‘நிர்வாகம் அவர்கள் கோரிக்கையைக் கீழே திருப்பியது.’ மெய்ப்புப் பார்த்தவர் தாளின் ஓரத்தில் ‘யார் தலையில் விழுந்தது?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மூலத்தில் இருந்தது ‘டர்ன்டு டவுன்’, ‘மறுத்துவிட்டது’ என்று எழுதியிருக்க வேண்டிய இடம். அந்த ஓரக்குறிப்புதான் எனக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது.

மனப்பாடம் வேண்டாம். செய்தாலும் நிற்காது. இந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் ரொம்பக் கொஞ்சம். பக்கத்தில் என்ன நிற்கிறது, எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு என்பதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. தமிழில் கதை வேறு. நம் வினைச்சொல்லே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சாவியைத் திருகுகிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம், பம்பரம் சுழல்கிறது, பீப்பாய் உருள்கிறது, படுத்திருப்பவர் புரள்கிறார், துணியை முறுக்கிப் பிழிகிறோம், கார் வளைவில் திரும்புகிறது. ஆங்கிலம் இவற்றில் பெரும்பாலானவற்றை ‘டர்ன்’ என்ற ஒன்றிலேயே ஓட்டிவிடும். அதனால் சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள். அந்தச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். எது அசைந்தது, அது தானாக அசைந்ததா இல்லை யாராவது அசைத்தார்களா, அசைந்த பிறகு அது பழையபடியே இருக்கிறதா வேறொன்றாகிவிட்டதா என்று பாருங்கள். இது தெரிந்துவிட்டால் தமிழ் வினை தானாக வந்து நிற்கும்.

உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ‘சத்தம் வரும் வரை குமிழை வலப்பக்கம் திரும்பவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் ஒருவர் தவறு இல்லை. குறிப்பேடுகளில் நான் மிக அதிகமாகத் திருத்துகிற இடம் இதுதான். ஆங்கிலத்தில் ஆள் தானே திரும்பினாலும் ‘டர்ன்’, ஒரு பொருளைத் திருப்பினாலும் ‘டர்ன்’. நமக்கு அப்படியில்லை. திரும்பு–திருப்பு, சுழல்–சுழற்று, உருள்–உருட்டு, புரள்–புரட்டு, மாறு–மாற்று என்று தன்வினையும் பிறவினையும் சோடி சோடியாக வைத்திருக்கிறோம். ‘குமிழைத் திரும்பவும்’ என்றால் ‘ஐ’ உருபு ஒரு பக்கம் இழுக்கிறது, வினை இன்னொரு பக்கம் இழுக்கிறது. ‘திருப்பவும்’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் விரலால் பிடித்துச் செய்கிற காரியத்துக்கு ‘திருகு’ என்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. குழாய், மூடி, சாவி, குமிழ் எல்லாவற்றையும் திருகுகிறோம்.

இன்னொன்று. வட்டமான குமிழுக்கு ‘வலப்பக்கம்’ என்று சொன்னால் போதாது. குமிழின் மேல் விளிம்பு வலப்பக்கம் போகும்போது கீழ் விளிம்பு இடப்பக்கம் போகும். ஆங்கிலக் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் தமிழில் ‘கடிகார முள் சுற்றும் திசையில்’ என்று எழுதிவிடுங்கள். வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற அழகான சொற்களும் நம்மிடம் உண்டு. படிப்பவருக்குப் புரியும் என்று தோன்றினால் தாராளமாகப் போடலாம். ஆக, ‘டிக் என்று சத்தம் வரும் வரை குமிழைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகவும்.’

குறிப்பேட்டு வேலை உங்களுக்கு அதிகம் வருவதால் பெயர்ச்சொல்லாக வரும் ‘டர்ன்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஹாஃப் அ டர்ன்’ என்றால் அரைச் சுற்று. ‘குவார்ட்டர் டர்ன்’ என்றால் கால் சுற்று, அதாவது 90 டிகிரி. மின்மாற்றிக் கம்பிச்சுருள் பற்றிய பக்கத்தில் ‘200 டர்ன்ஸ்’ என்று வந்தால் கம்பி 200 சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ‘200 திருப்பங்கள்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். துப்பறியும் கதையில்கூட அத்தனை திருப்பம் தாங்காது. டிகிரி என்றதும் ஞாபகம் வருகிறது: ஒருவர் முற்றிலும் மாறிவிட்டார் என்பதற்கு ‘360 டிகிரி திரும்பிவிட்டார்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 360 டிகிரி திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பார். நேரெதிராக மாறினால் 180. அரசியல் செய்தியில் வரும் ‘யூ டர்ன்’ அந்த 180தான். தமிழில் ‘அந்தர்பல்டி அடித்தார்’ என்றால் கேலியும் சேர்ந்து வரும். கேலி கூடாத செய்தியென்றால் ‘நிலைப்பாட்டை நேரெதிராக மாற்றிக்கொண்டார்’ என்று எழுதுங்கள்.

ஏன் ஒரே சொல் இத்தனை வேலை பார்க்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதன் பிறப்பிடம் ஒரு பட்டறை. கிரேக்கத்தில் ‘டோர்னோஸ்’ என்பது வட்டம் வரைகிற, உருளையாகக் கடைகிற கருவி. அதிலிருந்து லத்தீனில் ‘டோர்னாரே’ வந்தது. மரத்தைச் சுழலவிட்டு உளி பிடித்துக் கடைவது என்று பொருள். அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு பிரெஞ்சு வழியாகவும் வந்து அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. இன்றும் லேத் எந்திரத்தில் வேலை செய்பவருக்கு ‘டர்னர்’ என்று பெயர். அந்த வேலைக்கு நாம் சொல்வது கடைசல்.

சொந்தபந்தமும் பெரிசு. ரிட்டர்ன் தெரிந்ததுதான். சுற்றுலாவுக்கான ‘டூர்’, குதிரைவீரர்கள் சுழன்று சுழன்று மோதிய காலத்திலிருந்து வரும் ‘டோர்னமென்ட்’, நமக்காகச் செயல்பட நாம் நியமிக்கும் ‘அட்டர்னி’ எல்லாம் இதே குடும்பம். சூறாவளிக்கான ‘டொர்னேடோ’ பாதிச் சொந்தம். அது ஸ்பானிய மொழியில் இடிமழையைக் குறித்த ‘ட்ரோனாடா’. சுழல்வதற்கான ‘டோர்னார்’ என்ற சொல்லின் சாயலில் எழுத்து மாறிப்போனது.

கடைசல் என்றதும் நம் ‘கடை’ என்ற வினையைக் கொஞ்சம் பாருங்கள். மத்தால் கடைவதும் அதுதான், மரத்தைச் சுழற்றிச் செதுக்குவதும் அதுதான். ‘கடைந்தெடுத்த சிற்பம் மாதிரி’ என்று பாராட்டுகிறோம். ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்று திட்டவும் செய்கிறோம். ஆங்கிலத்தில் நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்தை ‘வெல் டர்ன்டு’ என்பார்கள். கடைசல் பிடித்து வழவழப்பாக்கியது என்ற அதே நினைப்புதான். கி.மு. முதல் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஹோரஸ், சரியாகக் கடையப்படாத வரிகளை மறுபடி பட்டறைக் கல்லுக்கே அனுப்பச் சொல்கிறார். ‘டர்ன் ஆஃப் ஃப்ரேஸ்’ என்று வந்தால் ‘சொற்றொடரின் திருப்பம்’ என்று எழுதாதீர்கள். சொல்லும் விதம், சொல்லழகு, ‘அவர் பேச்சில் ஒரு நெளிவுசுளிவு உண்டு’ என்று இடம் பார்த்துப் போடுங்கள்.

இனி ‘திரும்பு’ ஏன் அடிபடுகிறது என்பதற்கு வருவோம். தமிழில் ‘திரும்பு’ பெரும்பாலும் பழைய இடத்தை நோக்கிப் போகிற சொல். ஊர் திரும்பினான் என்றால் வந்து சேர்ந்துவிட்டான். திருப்பிக் கொடு, திருப்பி அடி, திரும்பத் திரும்ப என்று எல்லாவற்றிலும் ‘மீண்டும்’ என்ற வாசனை இருக்கிறது. ஆங்கில ‘டர்ன்’ போகிற திசை வேறு. அது இன்னொன்றாக ஆவதை நோக்கிப் போகும். முகம் வெளிறும், வானிலை கெடும், நீர் பனிக்கட்டியாகும், விளையாட்டாகத் தொடங்கியது சண்டையாகும். எல்லாம் ‘டர்ன்’. இந்த இடங்களில் ‘மாறு’, ‘ஆகு’ இரண்டையும் வைத்துப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ஆனால் தமிழில் இதற்கு உண்மையான உறவுக்காரர் ஒருவர் உண்டு. ‘பால் திரிந்துவிட்டது’ என்கிறோமே, அந்தத் ‘திரி’தான் அவர். ஆங்கிலத்திலும் ‘த மில்க் ஹாஸ் டர்ன்டு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள், புளித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மொழியும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. தானியம் அரைக்கச் சுழற்றும் கல் திரிகை. முறுக்கிய பஞ்சு திரி. சொன்னதை மாற்றிச் சொன்னால் திரித்துச் சொல்வது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ எழுத்து ‘ற்’ ஆவதை இலக்கணக்காரர்கள் திரிதல் என்கிறார்கள். சுழற்சியிலிருந்து மாற்றத்துக்குப் போகும் வழி நமக்கும் தெரிந்த வழிதான். இதற்காக எல்லா ‘டர்ன்’னுக்கும் ‘திரி’ போடச் சொல்லவில்லை. அது பெரும்பாலும் கெடுவதற்கே வரும், தெருவில் அலைவதற்கும் வரும்.

அந்தக் ‘கெடுதல்’ வாடை ஆங்கிலத்திலும் கொஞ்சம் உண்டு என்பதைக் கவனியுங்கள். நீங்களே ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் உதவும். நிறம் மாறினால், குளிர் கூடினால், பால் புளித்தால், பேச்சு சூடானால் ‘டர்ன்’ இயல்பாக வரும். பசித்தது, களைத்தது என்பதற்கெல்லாம் அது வராது. அங்கே ‘கெட்’தான். ‘ஐ டர்ன்டு ஹங்க்ரி’ என்று யாரும் சொல்வதில்லை. இலையைச் சொல்லும்போது நிறத்தைக்கூடச் சொல்லமாட்டார்கள், ‘த லீவ்ஸ் ஆர் டர்னிங்’ என்றாலே போதும். நமக்கு இலை பழுக்கும்.

உங்கள் இரண்டாவது வாக்கியம் வயதைப் பற்றியது. ‘அவர் சென்ற மாதம் நாற்பதாகத் திரும்பினார்.’ உண்மையைச் சொல்லுங்கள், இதை எந்திரம்தானே மொழிபெயர்த்தது? ‘டர்ன்டு ஃபார்ட்டி’ என்றால் 40 வயது நிறைந்துவிட்டது. ‘சென்ற மாதம் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது’ என்று எழுதினால் முடிந்தது. ‘நாற்பதில் அடியெடுத்து வைத்தார்’ என்பதும் அழகுதான். ஆனால் 39 முடிந்ததா 40 முடிந்ததா என்று நம்மவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். கணக்கு முக்கியமான இடத்தில் ‘நிறைந்தது’ என்பதே பத்திரம்.

மூன்றாவதில் ‘இன் டர்ன்’. இது சின்னச் சொல்லாகத் தெரிந்தாலும் ஆங்கிலக் கட்டுரைகளில் இறைந்து கிடக்கும். இரண்டு விதமாக வரும். ஒருவர் பின் ஒருவராக என்பது ஒன்று. ‘ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேட்டார்’ என்று எழுதிவிடலாம். மற்றது காரண காரியச் சங்கிலி. நீங்கள் எழுதியது: ‘மழை குறைவது நிலத்தடி நீரைக் குறைக்கிறது, அது தன் முறையாக விளைச்சலைப் பாதிக்கிறது.’ இதில் ‘தன் முறையாக’ என்பது என்னவென்று படிப்பவர் யோசித்துக்கொண்டிருப்பார். தமிழில் அந்தச் சங்கிலியை வினையெச்சமே கோத்துத் தரும்: ‘மழை குறைந்தால் நிலத்தடி நீர் இறங்கும், நீர் இறங்கினால் விளைச்சல் அடிபடும்.’ ‘இன் டர்ன்’ எங்கே போயிற்று என்று ஆசிரியர் கேட்டால் ‘இறங்கினால்’ என்பதில் இருக்கிறது என்று சொல்லுங்கள். மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு சொல் இருந்தாக வேண்டும் என்ற பயம்தான் புதிதாக வருபவர்களை மிகவும் கெடுக்கிறது.

நான்காவது, என்னைச் சிரிக்க வைத்த ‘இட் டர்ன்டு அவுட்’. எதிர்பார்த்தது ஒன்று, கடைசியில் தெரிந்தது வேறு, அதற்குத்தான் இது. தமிழில் இதற்கு என்ன சொல்வோம்? வீட்டில் பேசும்போது ‘கடைசியில பாத்தா, அவன் போகவே இல்ல’ என்போம். அதை எழுத்துத் தமிழாக்குங்கள்: ‘கடைசியில் பார்த்தால், அவன் போகவே இல்லை.’ கட்டுரையென்றால் ‘பிறகுதான் தெரிந்தது’ என்று போடலாம். சில சமயம் ‘அவன் போகவே இல்லையாம்’ என்ற ஒரு ‘ஆம்’ போதும்.

‘அவுட்’ வந்துவிட்டதால் மற்ற வால்களையும் பார்த்துவிடலாம். விளக்கையும் விசிறியையும் ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’ என்கிறார்களே, அங்கே எதுவும் திரும்பவில்லையே என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் திருகித்தான் திறக்கும். 19ஆம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கைத் திருகி எரியவிட்டார்கள். பின்னால் வந்த மின்விளக்கின் ஆரம்பகாலச் சுவிட்சுகள் பலவும் திருகுகிற மாதிரிதான் இருந்தன. இன்று விரல் நுனியால் தொட்டால் எரிகிறது, ஆனால் சொல்லில் இன்னும் அந்தப் பழைய கை திருகிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்கும் முன், நாம் மின்விளக்கை ‘அணை’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அணைக்க அங்கே சுடர் ஏது? அவர்கள் மொழியில் குழாய் தங்கிவிட்டது, நம் மொழியில் அகல்விளக்கு தங்கிவிட்டது. அதனால் ‘விளக்கைப் போடு, அணை’, ‘குழாயைத் திற, மூடு’, ‘விசிறியைப் போடு, நிறுத்து’ என்று சாதனத்துக்குத் தக்கபடி எழுதுங்கள். குறிப்பேட்டில் ‘இயக்கவும், நிறுத்தவும்’ நன்றாகவே பொருந்தும். இதன் மறுபக்கமும் உண்டு: தமிழை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ‘ஓபன் த டேப்’, ‘க்ளோஸ் த லைட்’ என்று பேசுகிறோம். அங்கே அவர்களுக்கு ‘டர்ன்’தான் வேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று ‘இட்’ நடுவில் வரவேண்டும், கடைசியில் வரக்கூடாது.

‘அப்’ வந்தால் சத்தத்தைக் கூட்டுவது, ‘டவுன்’ வந்தால் குறைப்பது. இதுவும் குமிழ் காலத்துப் பேச்சு. ஆள் ‘டர்ன் அப்’ ஆனால் வந்து சேர்வது, அதுவும் பெரும்பாலும் எதிர்பாராமல். தொலைந்த பொருள் ‘டர்ன் அப்’ ஆனால் எங்கிருந்தோ அகப்படுவது. ‘இன்’ வந்தால் மூன்று வேலை: வீட்டுப்பாடத்தை ஒப்படைப்பது, இரவு படுக்கப் போவது, ஒருவரைக் காவல்துறையிடம் காட்டிக்கொடுப்பது. தன்னையே ‘டர்ன் இன்’ செய்தால் சரணடைவது. துப்பறியும் கதையில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வரலாம், விழிப்பாக இருங்கள்.

உங்கள் ஐந்தாவது வாக்கியத்தில் மாட்டிக்கொண்டது ‘ஆன்’. ‘ஹி டர்ன்டு ஆன் மீ’ என்பதை ‘அவன் என்னை இயக்கினான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விசிறி இல்லையே நீங்கள்! இங்கே அவன் திடீரென்று என்மேல் பாய்ந்தான், அதுவரை நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவன் சீறினான் என்று பொருள். ‘சட்டென்று என்மேல் பாய்ந்தான்’ போதும். ‘மீ’ என்பது ‘ஆன்’னுக்கு முன்னால் வந்து ‘டர்ன்டு மீ ஆன்’ என்று இருந்திருந்தால் கதையே வேறு. அது காம உணர்வைத் தூண்டுவதைச் சொல்வது. சொல் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்ததில் சண்டைக்காட்சி படுக்கையறைக்குப் போய்விடும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ‘வழக்கு முழுவதும் இந்தச் சாட்சியின்மேல் டர்ன் ஆகிறது’ என்கிற மாதிரி வந்தால், கீலில் கதவு சுழல்வதுபோல எல்லாம் அதைப் பொறுத்திருக்கிறது என்று அர்த்தம்.

மரபுத்தொடர்களை நான் இங்கே அடுக்கப் போவதில்லை. ஒன்றிரண்டு மட்டும். ‘டர்ன் ஓவர் அ நியூ லீஃப்’ என்பதை ‘புதிய இலையைப் புரட்டினான்’ என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்த ‘லீஃப்’ மரத்து இலை இல்லை, புத்தகத் தாள். நமக்கும் பனையோலைதானே ஏடாயிற்று, அதனால் தடுமாற்றம் புரிகிறது. ‘பழையதை விட்டுத் திருந்தினான்’ என்றால் சரி. ‘டர்ன் அ ப்ளைண்ட் ஐ’ என்றால் கண்டும் காணாமல் இருப்பது. 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொல்லிக் கொடி காட்டப்பட்டபோது, தளபதி நெல்சன் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்றாராம். தொடரோடு ஒட்டிக்கொண்ட கதை, முழுக்க நம்ப வேண்டியதில்லை. போர்க்களத்தில் ‘டர்ன் டெயில்’ என்று வந்தால் நம்மிடம் ‘புறமுதுகு காட்டினான்’ காத்துக்கொண்டிருக்கிறது. ‘இட் கேவ் மீ அ டர்ன்’ என்றால் தூக்கிவாரிப் போட்டது.

அலுவலகத் தமிழில் ‘டர்னோவர்’ என்பதற்கு ‘விற்றுமுதல்’ என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது. ஆனால் அதே சொல் ஊழியர்களைப் பற்றி வந்தால் விற்பனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆட்கள் வேலையை விட்டுப் போவதும் புது ஆட்கள் வருவதும்தான் அது. ‘டர்ன்கீ’ என்றால் எல்லாவற்றையும் முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும் ஒப்பந்தம். இதற்கு ஒற்றைச் சொல் உருவாக்கிப் படிப்பவரை மிரட்டுவதைவிட அப்படியே விளக்கி எழுதிவிடலாம் என்பது என் கட்சி.

சிறுகதைக்காக ஒரு விஷயம். ஆங்கிலக் கதைகளில் பாத்திரங்கள் ஓயாமல் திரும்புவார்கள். திரும்பினான், பேசினான்; திரும்பினாள், நடந்தாள். ‘அவன் திரும்பி நடந்தான்’ என்று தமிழில் எழுதினால் வந்த வழியே போகிறான் என்றுதான் தோன்றும். அவன் ஜன்னலிலிருந்து கதவுப் பக்கம் போயிருப்பான். ‘கதவை நோக்கி நடந்தான்’ என்று எழுதி, திரும்பியதை விட்டுவிடலாம். திரும்பாமல் எப்படி நடப்பான், படிப்பவர் பார்த்துக்கொள்வார். ஆனால் ‘ஷி டர்ன்டு அவே’ வந்தால் விடாதீர்கள். ‘முகத்தைத் திருப்பிக்கொண்டாள்’ என்று போடுங்கள். அந்தக் ‘கொண்டாள்’ என்பதில் கோபமோ அழுகையோ எதுவோ ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு வாக்கியம் தேவைப்படும்.

அகராதி பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி. வரலாற்று அகராதிகள் பழைய பொருளை முதலில் வைக்கும், கடைசலில் ஆரம்பித்தால் உங்கள் வேலை நடக்காது. மொழி பயில்வோருக்கான அகராதியை வாங்குங்கள். அதில் அதிகம் புழங்கும் பொருள் முன்னால் இருக்கும், ‘அப்’, ‘அவுட்’ எல்லாம் தனித்தனித் தலைப்பில் இருக்கும்.

மீதி இருப்பது ஆறாவது. கதையின் கடைசிப் பத்தியில் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார். பிறகு இரண்டே வாக்கியம்: ‘நோபடி ஸ்போக். இட் வாஸ் நோபடிஸ் டர்ன்.’ நீங்கள் எழுதியது, ‘யாரும் பேசவில்லை. அது யாருடைய திருப்பமும் அல்ல.’

இது ‘முறை’ என்ற பொருளில் வரும் ‘டர்ன்’. சீட்டாட்டத்தில் ‘இப்ப என் டர்ன்’ என்று நாமே சொல்வதுதான். குழந்தைகள் ஊஞ்சலில் மாற்றி மாற்றி ஆடினால் ‘டேக்கிங் டர்ன்ஸ்’. தன் முறை வருமுன் வாயைத் திறந்தால் ‘அவுட் ஆஃப் டர்ன்’, நமக்கு அவர் முந்திரிக்கொட்டை. ‘முறை’யிலும் ஒரு கண்ணி உண்டு. ‘இது என் இரண்டாவது முறை’ என்றால் இரண்டாம் தடவை என்றும் படிக்கலாம், ஆட்டத்தில் மறுபடி என் வாய்ப்பு வந்தது என்றும் படிக்கலாம். அப்படிக் குழம்பும் இடத்தில் ‘மறுபடி என் முறை வந்தது’ என்று வினையைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கதையில் அந்தக் குழப்பம் இல்லை, வேறு சிக்கல் இருக்கிறது. ‘அடுத்து யார் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை’ என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். பொருள் சரிதான். ஆனால் அது விளக்கிவிடுகிறது, அந்த மேசையின் மௌனம் கலைந்துவிடுகிறது. ‘அது யார் முறையும் இல்லை’ என்று போட்டுப் பார்த்தேன். ‘அது’ என்பது ஆங்கில ‘இட்’டின் நிழல், தமிழில் அது எதையும் சுட்டவில்லை. அதை எடுத்துவிட்டு, ‘யாரும்’ என்பதோடு ஒட்டும்படி வைத்ததில் இப்படி வந்தது:

‘யாரும் பேசவில்லை. யார் முறையும் வரவில்லை.’

‘வரவில்லை’ என்றால் இனி வரலாம் என்ற எதிர்பார்ப்பு கொஞ்சம் கூடுகிறது, மூலத்தில் அது இல்லை. கதையின் முந்தைய பக்கங்களை நான் படிக்கவில்லை, நீங்கள் படித்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் இனி யாரும் பேசப்போவதில்லை என்றால் ‘வரவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிவிடுங்கள்.